கோடு விழாத கதிரை

பேராதனையில் அன்று விடியலிலிருந்தே மழை.
மைலோ டின்னில் உலர்மண் கொண்டுபோனேன்.
குடை டின்னுக்கு. நனைந்தது நான்.

தகுதிகாண் விரிவுரையாளர் பயிற்சி, ஆறாம் வாரம்.
ஆளுக்குப் பத்து நிமிடம், பாடம் அவரவர் விருப்பம்.
நான் எடுத்தது தங்கு கோணம்.
மேசையில் மண்ணை மெல்லக் கொட்டினால்
குவியல் ஏறும், ஏறும்,
பிறகு இனி முடியாதென்று
ஓரத்தால் வழியும்.
அந்தச் சரிவைத்தான் அளக்கிறோம்.
ஒக்டோபர் இரவுகளில்
பாகைமானி இல்லாமல்
எங்கள் மலையில் எல்லோரும் அளப்பது.

நன்றாகத்தான் போனது.
ஆங்கிலம் எங்கும் தடுக்கவில்லை.
ஒரு பகிடிகூடச் சொன்னேன்,
முன்வரிசை சிரித்தது.

என்னை அவதானிக்க வந்தவள் றிஸ்மியா.
அக்குறணை; புள்ளிவிபரவியல்;
எனக்கு வேலை கிடைத்த அதே மாதம் அவளுக்கும்.
பதினான்கு கேள்விப் படிவத்தில்
ஒரு சரிகூட அவள் போடவில்லை.
பின்பக்கத்தில் அறையைக் கீறியிருந்தாள்,
இருபத்தொரு சதுரம், இருபத்தொரு கதிரை.
நான் யாரைப் பார்த்தேனோ அவர் சதுரத்தில் ஒரு கோடு.
முன்வரிசை வலப்பக்கம்
புல் முளைத்தாற்போல் கோடுகள்.
இடப்பக்கக் கடைசியில், யன்னலோரம்,
மூன்று சதுரம் வெறுமையாய்க் கிடந்தன.

"பிழை ஒண்டுமில்ல. சும்மா எண்ணினேன்" என்றாள்,
பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்தபடி.
தோய்த்த பாதி உள்ளேயே விழுந்துவிட்டது.

அந்த மூலை எனக்குத் தெரியும்.
முதலாம் வருடம் அங்கேதான் இருந்தேன்.
விரிவுரை ஆங்கிலத்தில் ஓட ஓட
காதில் விழுந்ததைத் தமிழெழுத்தில் பிடித்து
இரவில் அகராதியோடு மல்லுக்கட்டியவள்.
'ஷியர்' என்றதைச் 'சேர்' என்று எழுதி
ஒரு வாரம்
மண்ணுக்குள் கதிரை தேடியவள்.

அறையை நிரப்ப ஆய்வு மாணவர்களையும் அழைத்திருந்தார்கள்.
யன்னலோரத்தில் ஒருவர் தவநேசன்.
பேராசிரியர் வெளிநாடு போகையில்
என் பொறுப்பில் விட்டுப்போனவர்.
என்னிலும் நாலு வயது கூட.
பொகவந்தலாவையில் பதினொரு வருடம்
விஞ்ஞானம் படிப்பித்துவிட்டு வந்தவர்.
அவருடைய மூன்றாம் அத்தியாயம்
மூன்று மாதமாய் வரவில்லை.
இரண்டு நினைவூட்டல் அனுப்பியிருந்தேன்,
இரண்டிலும் 'எப்போது'.

படிக்கட்டில் பிடித்தேன்.
"எதுவரைக்கும் வந்திருக்கு?" என்று
இந்த முறை கேட்டேன்.

கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தார்.
பிறகு பொலித்தீன் பைக்குள்ளிருந்து
ஒரு சி.ஆர். கொப்பி.
"முடிஞ்சிருச்சு மெடம். ஆனா தமிழ்லதான் வருது.
இங்கிலீஷ்ல உட்கார்ந்தா
மூணு வரியில நின்னுருது."

ஈரப் படியில் அப்படியே அமர்ந்து வாசித்தேன்.
லயத்துக்குப் பின்னால் அவரே வெட்டிய
முப்பத்தெட்டுக் குழிகள்.
ஒவ்வொன்றுக்கும் ஆழம், ஈரம், நிறம்,
யார் வீட்டுக் கோடிப்பக்கம் என்பதும்.
பன்னிரண்டாம் குழிக்கு நேரே இப்படி:
'இங்கே மண்ணைப் பிடித்திருப்பது தேயிலை வேர்.
வேருக்கு வயது தொண்ணூறு.'

சிவப்புப் பேனை பையில் இருந்தது.
எடுக்கவில்லை.
பென்சிலால் ஓரத்தில் எழுதினேன்:
'பிறகு?'
அடுத்த பக்கத்திலும்
அதையேதான் எழுத வந்தது.

படிவம் இன்னும் வெறுமையாய் என் மடியில்.
கேள்வி பதினான்கு: முன்னேற்றத்துக்கான ஆலோசனை.
வியாழன் றிஸ்மியாவின் முறை.
பயம் வந்தால் அவள் பலகையோடு பேசுவாள்.
எண்ண வேண்டும்.

கீழே ஹற்றன் பஸ் கோன் அடித்துப் போனது.
எழுந்து ஓடுவாரென்று நினைத்தேன்.
"அடுத்தது ஒண்ணேகால் மணித்தியாலத்துல"
என்றார் தவநேசன்,
பக்கத்தைத் திருப்பிக் காட்டி,
"இந்தக் குழியிலதான் மெடம்
எனக்கு ஒரு சந்தேகம்."