படம். ஒரு நபர்.

கைப்பேசி எனக்கு வாசிக்கும் குரலில்
ஈரம் கிடையாது.
பர்வானியாவில் வெள்ளிக்கிழமை.
ஏசி பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுகிறது.
கட்டிலில் சாய்ந்து விரலால் தள்ளுகிறேன்:
படம்.
படம்.
படம், எழுத்துகள் இருக்கலாம்.
ஐம்பத்திரண்டாயிரம் பேர் கோபமாயிருக்கிறார்கள்.
எதன்மேல் என்று
ஒருவரும் எழுதிவைக்கவில்லை.

'உங்களுக்கு நிறமே தெரியாது,
கொடுத்துவைத்தவர் பிலவேந்திரன்'
என்றார் சங்கத்துப் பொருளாளர். நல்ல மனிதர்.
அண்ணே, நிறம் காதில் விழும்.
ரொட்டிக் கடை வரிசையில்
ஹபீபி யாருக்கு,
வெறும் யல்லா யாருக்கு என்று விழும்.
லிஃப்ட்டுக்குள் நகாட்டோ நுழைந்ததும்
யாரோ கைப்பையின் ஜிப்பை
இழுத்து மூடுவது விழும்.

நகாட்டோ கம்பாலாக்காரி.
இரட்டையரில் இளையவளுக்கு வைக்கிற பெயராம்.
சால்மியாவில் நான் தொலைபேசி எடுக்கும் கிளினிக்கில்
தரை துடைக்கிறாள்.
முதல் நாள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.
'நீ பிடிக்காதே, நான்தான்
உன் முழங்கையைப் பிடிக்க வேண்டும்' என்றேன்.
அன்றிலிருந்து பேருந்து நிறுத்தம் வரைக்கும்
அந்த முழங்கைதான் எனக்குச் சாலை.

எனக்கு மூன்று மாதச் சம்பளம் வரவில்லை.
அவளுக்கு ஐந்து.
இயக்கத்துப் பிள்ளைகள் வந்தார்கள்,
படம் எடுத்தார்கள்,
'பார்வையற்ற தமிழனுக்கு நீதி' என்று
இரவோடிரவாக உலகம் சுற்றவைத்தார்கள்.
என்னிடம் அது வந்தபோது
குரல் சொன்னது:
படம். ஒரு நபர்.

ஒரு நபரா?
நகாட்டோவிடம் நீட்டினேன்.
வெகுநேரம் பேசவில்லை அவள்.
பிறகு சொன்னாள்:
சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருக்கிறாய்.
கறுப்பு வெள்ளை ஆக்கியிருக்கிறார்கள், அழகுக்கு.
உன் கையில் ஒரு முழங்கை இருக்கிறது.
அதற்கப்புறம் படம் முடிந்துவிடுகிறது.

கேட்டேன் பிள்ளைகளிடம்.
'ரெண்டு பேர் இருந்தா மெசேஜ் குழம்பிரும்ணா.
அவங்களுக்குத் தனி ஹேஷ்டேக் இருக்கு.'

என் சம்பளம் வந்துவிட்டது.
சேர்ந்தாற்போல் மூன்று மாதத்துக்கும்.
வாழ்த்துகள் நூற்றுக்கணக்கில்,
பாதி வெறும் கைகூப்பல் சின்னம்.
கைகூப்பிய கைகள், கைகூப்பிய கைகள் என்று
குரல் நிறுத்தாமல் வாசித்தது.

நேற்று உட்கார்ந்து
அந்தப் படத்தின் கீழே நானே எழுதத் தொடங்கினேன்,
என்னைப் போன்றவர்கள் கேட்பதற்காக:
படத்தில் கோல் ஊன்றிய ஒருவர்.
அவர் பிடித்திருப்பது ஒரு பெண்ணின் முழங்கை.
பெண் வெட்டப்பட்டிருக்கிறாள்.
அவளுக்கு ஐந்து மாதம் பாக்கி.

'என்ன நிறம் என்று எழுதட்டும்?' என்று
அவளிடமே கேட்டேன்.

வந்த புதிதில்
அறை நண்பனோடு போனில் பேசும்போது
அவளைக் கரிச்சட்டி என்றிருக்கிறேன்.
இரண்டடி தள்ளித் துடைத்துக்கொண்டிருந்தாள்.
ஏழு மாதம் கழித்து
அந்தச் சொல்லுக்குப் பொருள் கேட்டாள்,
ஒற்று பிசகாமல்.
சமையல் பாத்திரம் என்றேன்.
பொய்யில்லை அது.

வாளியில் துணியைப் பிழிகிற சத்தம்.
'அந்தச் சமையல் பாத்திரத்தை எழுதேன்' என்றாள்.
சிரித்தாளா, தெரியவில்லை.
அவள் சிரிப்பு எனக்கு எப்போதும் தெரியும்.

எழுதினேன். யார் சொன்னது என்பதையும்
சேர்த்தே எழுதினேன்.
காலையில் பார்த்தால் இரண்டு விருப்பம்.
ஒன்று என்னுடையது.