சுவரோட்டையில் இரண்டு வயர்

இரவு பதினொன்றே கால்.
சுவிட்சின் லைட் எல்லாம் ஒன்றாய்ச் சிமிட்டின,
ஒன்று விட்டு ஒன்றல்ல,
எட்டும் ஒரே பதற்றத்தில்.

தோஹாக் கம்பனியின் மாதக் கணக்கு
அவர்களின் பன்னிரண்டு மணிக்குள் போகவேண்டும்.
வைஃபை நிறையக் காட்டுகிறது.
நெட் இல்லை.

அணைத்தேன். பத்து எண்ணினேன்.
மருதமுனை முழுக்கத் தெரிந்த வைத்தியம்.
மூன்று நிமிசம் உயிரோடிருந்து
மறுகா அதே சிமிட்டல்.

பழைய பில்லின் முதுகில் எழுதிப் பார்த்தேன்:
கணினிக்கு ஒன்று,
பிரிண்டருக்கு ஒன்று,
சுவரோட்டைக்குள் போகும் நீலம்,
சுவரோட்டைக்குள் போகும் சாம்பல்.
எழுதிய பிறகுதான் உறைத்தது.
ஓட்டை ஒன்று. வயர் இரண்டு.

நோன்புக்கு முதல் எழும்பிய சுவர்.
ராத்தாவுக்கு ரோட்டுப் பக்கம், எனக்குக் கடற்பக்கம்.
நடுவில் ஒன்றரை அடி நிலத்துக்கு
ஏழு மாதமாய்ப் பேச்சில்லை,
இரண்டு பெருநாளும் போய்விட்டன.
ஆனால் நெட் பில் பாதிப் பாதி.
காசு உறையில் போட்டு
அஸ்ஜத் கையில் வரும், சில்லறை சரியாய்.

நீலத்தில் போன கேள்வி
சாம்பலில் திரும்பி வருகிறது.
சாம்பலில் போனது நீலத்தில் வருகிறது.
களைப்பதில்லை, சாவதுமில்லை,
சுற்றுக்குச் சுற்று கூடுகிறது.
நான் மாமியிடம் சொன்ன ஒரு சொல்
மச்சான் வழியாய் எனக்கே வந்ததே
கொம்பும் வாலும் வைத்து,
அப்படி.

ராத்தாவின் நம்பர் போனில் இருக்கிறது.
எடுக்கவில்லை.
குந்தி, ஓட்டையில் வாயை வைத்தேன்.
"சாம்பல் வயரப் புடுங்குங்க."

அங்கால் செருப்புச் சத்தம் நின்றது.
"ரெண்டு வயரெண்டா ரெண்டு மடங்கு ஓடும் எண்டு
அவர்தான் குத்தினார்."
"ஓடாது ராத்தா. சுத்தும்."

லைட் அடங்கியது,
கண்ணிமைப்பது போல ஒவ்வொன்றாய்.
ஆனாலும் ஒரு பக்கம் திறக்கும், அடுத்தது உடையும்.
நௌபீல் மச்சான் கல்முனையில் வாங்கிய புதுப்பெட்டி
அங்கே இருக்கிறது.
அதற்கும் கடைசி இலக்கம் ஒன்று.
என்னுடையதற்கும் ஒன்று.
ஒன்று எங்கே என்று கணினி கேட்டால்
இரு வீட்டிலிருந்தும் பதில்: நான்தான்.
முந்தியவன் சொல்தான் செல்லும், அடுத்தவன் முந்தும் வரை.

மாநகர சபையும் எங்களை இன்னும் பிரித்து எழுதவில்லை.
இரண்டு வாசலுக்கும் நாற்பத்தேழு.
அவளின் கரண்ட் பில் எனக்கு வரும்,
என் வங்கிக் கடிதம் அங்கே போய்க் கிடக்கும்.

"உங்கட பெட்டிக்கு நம்பர் மாத்தணும்."
"ஏன், எங்கடத?"
"லைன் என்ட பக்கத்தாலதானே வருது."
"முன்வாசல் எங்கட பக்கம்."

கொஞ்ச நேரம் கடல் மட்டும் இரைந்தது.

என் பெட்டியின் வயரைக் கழற்றி வைத்தேன்.
இனி ஒன்றென்று கூப்பிட்டால் அங்காலது மட்டும் பேசும்.
"பாஸ்வேட்?"
"தெரியா."
"கவிழ்த்துப் பாருங்க, ஒட்டியிரிக்கும்."
"பொறு, கண்ணாடி எடுக்கிறன்.
சின்ன எம். பெரிய கியூ. ஏழு.
இது சைபரா, ஓவா?"
"வட்டமா, நீட்டா?"
"பழுதாப்போன முட்டை மாதிரி."
சைபர்தான்.

இலக்கம் பங்கிடும் வேலையை அதில் நிறுத்தினேன்.
பங்கிட ஒருவர் போதும்,
இருவர் பங்கிட்டால் என்னவாகும் என்பதற்கு
சுவரே இருக்கிறது.

ஒன்றை ராத்தாவுக்கே விட்டேன்.
என் பெட்டி இப்போது இரண்டு.
வெளியே போகும் வழி
இரண்டின் ஊடாகத்தான்.
அதை அவளுக்குச் சொல்லவில்லை.

"புள்ள, இப்ப வருது."
"ம்."
"நாளைக்கு மேசன் வாறார், இந்த ஓட்டையப் பூச."
"வயர் போகணுமே?"
"வயர வெச்சித்தான் பூசுவாராம்."
"ஒரு கிழமை பொறுக்கச் சொல்லுங்க.
திரும்பச் சுத்துதா எண்டு பாக்கணும்."

ஒன்றே முக்கால்.
கணக்கைத் திறந்தேன்.
தோஹாவில் இப்போதுதான்
பதினொன்றே கால்.