மைனஸ் மூன்று

ஓல்டன். ஆறாவது நடைமேடை. காலை ஐந்தே முக்கால்.
ஆரே ஆற்றிலிருந்து ஏறிவந்த மூடுபனி
கடிகாரத்தின் சிவப்பு முள்ளை மட்டும் விட்டுவைத்திருந்தது.
பேர்ன் போகும் ரயில் சற்றுத் தள்ளித் தெரிகிறது,
விளக்கெரிய, கதவுமூட, நகராமல்.
ஒலிபெருக்கி மூன்று மொழிகளில் மன்னிப்புக் கேட்கிறது:
தண்டவாளம் பிரியும் இடத்தில் பனிக்கட்டி,
சூடேற்றி எரியவில்லையாம்.

அந்தச் சூடேற்றிக்கு
எப்போது எரியவேண்டும் என்று சொல்லும் நிரல்
என் மேசையில் இருக்கிறது.
கழுத்தில் தொங்கிய அலுவலக அட்டையை
கோட்டுக்குள் தள்ளிக்கொண்டேன்.

கம்பைலரை ஓட்டினால் மஞ்சள் மஞ்சளாய்க் கொட்டும்.
நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஒன்பதாயிரம்.
"அதைப் பார்க்காதே" என்றான் ரேட்டோ முதல் நாளே,
கழிப்பறை எங்கே என்று காட்டிய அதே குரலில்.
"மஞ்சள் பரவாயில்லை. சிவப்பு வந்தால் சொல்."

இந்த மாறியை யாரும் பயன்படுத்தவில்லை.
இந்தச் செயற்கூறு பழசு.
இங்கே ஓர் அடைப்புக்குறி இருந்தால் நல்லது.
ஒற்று விட்டுப்போனதற்கெல்லாம்
பக்கம் முழுக்கச் சிவப்பு மையடிக்கும் வாத்தியார்போல
ஓயாமல், கோபமே இல்லாமல்.

புலி வருது புலி வருது என்று கத்தியவன் பொய்யன்.
இது ஒருநாளும் பொய் சொன்னதில்லை.
ஒவ்வொரு முறையும் ஏதோ வரத்தான் செய்தது,
பெரும்பாலும் பூனை.

இரண்டாம் வருடம் நானே ஒரு வரி எழுதினேன்:
'இந்த வகை எச்சரிக்கையைக் காட்டாதே.'
ஒரே வரியில் மூவாயிரம் வாய்கள் மூடின.
ரேட்டோ கேரட் கேக் வாங்கிவந்தான்.

ஓல்டனில் ரயில் நின்ற அன்று மாலை
அந்த வரியை அழித்துவிட்டுத் திரும்ப ஓட்டினேன்.
பதினேழாயிரத்துச் சொச்சம்.
மூன்று மணிநேரம் உருட்டியபின்,
இரண்டு எழுத்துப்பிழைகளுக்கு நடுவே, அடக்கமாக:
'குறியுள்ள எண்ணைக் குறியற்ற எண்ணோடு ஒப்பிடுகிறாய்.'

நாலு டிகிரிக்குக் கீழே போனால் சூடேற்று. அவ்வளவுதான் கட்டளை.
பழைய உணரிக்குப் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கத் தெரியாது.
அதனால் பதினொரு குளிர்காலம் பிழைத்தோம்.
அக்டோபரில் புதிதாக மாட்டியதற்குத் தெரிந்திருந்தது.
அது மைனஸ் மூன்று என்றது உண்மையாக.
நம் நிரல், மைனஸுக்கு இடமில்லாத பெட்டியில் அதைப் போட்டு
நானூற்று இருபத்தொன்பது கோடியே
நாற்பத்தொன்பது லட்சத்து
அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்று மூன்று
என்று வாசித்தது.
அத்தனை வெயிலில் சூடேற்றி எதற்கு?

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் துடைத்துவிடலாம் என்றார்கள் மேலே.
உர்சினாதான் தலையசைத்தாள்: "இன்றைய எண் கூரை.
நாளை அதைவிட ஒன்று குறைந்தால் போதும். கூடினால் யாரும் வீட்டுக்குப் போகக்கூடாது."
ரேட்டோ வகைமாற்றக் குறிகளை அள்ளித் தெளித்தான்,
அழும் பிள்ளைக்கு மிட்டாய்போல.
எண் சரசரவென்று இறங்கியது.
அத்தனையையும் அவள் திருப்பியனுப்பினாள்.
இரண்டு நாள் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை.
நான் சுத்தம் செய்கிறேன் என்று ஒன்றை உடைத்தேன்:
ஜூலையில் ஒரு பகல் முழுக்க
ஆராவ் தண்டவாளத்தைச் சூடாக்கிக்கொண்டிருந்தோம்.

இப்போது ஆறாயிரத்து இருநூற்றெட்டு.
பூஜ்யத்தை நான் பார்ப்பேன் என்று தோன்றவில்லை.
ஆனால் நேற்று புதிதாக ஒன்று முளைத்தபோது
வெறும் பயன்படாத மாறி, வெறும் பூனை
எழுந்துபோய்ப் பார்த்தேன்.

மறுபடி டிசம்பர். மறுபடி ஆறாவது நடைமேடை.
பேர்ன் ரயில் வந்தது, நின்றது, போயிற்று.
பக்கத்தில் ஒருத்தி கையுறையைப் பல்லால் கழற்றி
கைபேசியில் எதையோ தேடினாள்.
மருந்துக்கடைப் பலகையில் பச்சை எழுத்தில் மூன்று.
அதற்கு முன்னால் அந்தச் சிறிய கோடு
இருக்கிறதா என்று
இரண்டு முறை பார்த்துக்கொண்டேன்.