இரவுப் பணி

இருபத்து மூன்றாம் நாள்.
உன் இடது குதிகால் கொப்புளத்துக்கு
ஒரு பெயர் வைக்கலாம்,
அவ்வளவு பழகிவிட்டது எனக்கு.

மாட்டுத் தொட்டியில் பாசி விலக்கித் தண்ணீர் மொள்வது நான்.
வடிகட்டிப் பையைப் பிழிவது நீ.
லிட்டருக்கு நாலு நிமிடம்.
செத்த தேனீ ஒன்று என் குவளைக்குள்ளேயே
வந்து வந்து விழுகிறது.
அடுத்த தண்ணீர் பதினெட்டாவது மைலில், இருந்தால்.
அந்த ‘இருந்தால்’ மட்டும்
வீட்டுக் கடன் தவணை பேசும்போது
உனக்கு வரும் குரல்.

பெயர் இளம்பரிதி.
காதுமடல் வரை ஐம்பதாம் எண் களிம்பு,
தலைக்கு மேல் வெள்ளிக் குடை.
அரிசோனாவில் ஒரு பரிதிக்கு
இன்னொன்றிடம் இவ்வளவு பயம்.

பீனிக்ஸில் பதினோரு வருடம் ஒரே கூரை.
தீவிர சிகிச்சைப் பிரிவில் உனக்கு இரவு,
பள்ளிப் பேருந்து அலுவலகத்தில் எனக்குப் பகல்.
நான் எழுந்த மெத்தையின் சூட்டில்
நீ வந்து படுப்பாய்.
குளிர்பெட்டிக் கதவில் ‘பால் தீர்ந்தது’ என்று எழுதுவாய்.
கீழே ‘சரி’ என்று எழுதுவேன்.
தாம்பத்தியம் என்ற தலைப்பில்
வேறென்ன வரவு வைத்தோம்?

பாலை என்றால் பிரிவு என்று
பள்ளியில் மனப்பாடம் செய்தேன், ஐந்து மதிப்பெண்ணுக்கு.
எங்களுக்கு இது தலைகீழ்.
ஷூக் கயிற்றை முடிச்சிடும்போது
நீ நாக்கைக் கடிப்பாய் என்பதே
இந்தக் கள்ளிக் காட்டுக்கு வந்துதான் எனக்குத் தெரியும்.

புறப்படும் முன்
சமையலறைத் தராசில் எல்லாவற்றையும் நிறுத்தாய்.
பல்துலக்கியின் கைப்பிடியை அறுத்தாய்.
உள்ளாடை இரண்டுக்கு மேல் கூடாது என்றாய்.
என் சீப்பு பதினோரு கிராம்.
மூன்று நாள் அதற்காகப் பேசாமல் இருந்தோம்
(பேச வாய்க்காத வீட்டில்
அதை யார் கவனித்தது என்று கேட்காதே, நான் கவனித்தேன்).

ஒன்பதாம் நாள்
சோயா என்று இங்கே சொல்கிறார்களே,
அவரை விதையல்ல, தாவும் கள்ளி,
உன் கெண்டைக்காலைக் கவ்வியது.
கையால் பிடுங்கப் போனாய், கையையும் கவ்வியது.
சீப்பைக் கொடுத்துச் செருகி, ஒரே சுண்டு.
முள்ளுருண்டை எங்கோ பறந்தது.
இரண்டு பல் உடைந்தது.
நீ ஒன்றும் சொல்லவில்லை.
மறுநாள் சீப்பு உன் பைக்குள் இருந்தது.

சுப்பீரியர் ஊர் அஞ்சலகத்தில்
நமக்கு நாமே அனுப்பிய பெட்டி காத்திருந்தது.
ஜனவரியில் நாம் எவ்வளவு முட்டாள்கள்!
இருபது பொட்டலம், ஒரே ருசி நூடுல்ஸ்.
துணிவெளுப்புக் கடையில்
இருந்த உடையெல்லாம் எந்திரத்தில் சுழல,
மழைச் சட்டையோடு மட்டும் உட்கார்ந்து
ஒரு மணி நேரம் சிரித்தோம்.
ஒரு கிழவர் இடம் மாறி உட்கார்ந்தார்.

ஆனாலும் உன் உடம்பு பணியை விடவில்லை.
தினமும் இரண்டு மணிக்கு விழிக்கிறாய்.
கூடாரத்தின் ஜிப்பை மெதுவாக,
யாரோ நோயாளி எழுந்துவிடுவார் போல
அத்தனை மெதுவாகத் திறந்து போகிறாய்.
திரும்பி வரும்போது ‘என்ன?’ என்பேன்.
‘ஒன்றுமில்லை’ என்பாய்.

நேற்று நீ எழவில்லை.
நான் எழுந்தேன்.
உன் செருப்பை மாட்டிக்கொண்டு,
தேள் பார்த்து, விளக்கணைத்து,
உன் இரண்டு மணிக்குள் போய் நின்றேன்.
பொட்டல் குளிர்ந்திருந்தது.
கை தூக்கிய சகுவாரோக்கள்
எதையோ கேட்க நினைத்து மறந்தவை போல.
மேற்கே, மலைக்குப் பின்னால்,
பீனிக்ஸின் வெளிச்சம் அடுப்புக் கதவின் இடுக்காய்.
அங்கே உன் வார்டில்
இந்நேரம் யாரோ உன் நாற்காலியில்.

எவ்வளவு நேரம் நின்றேனோ.
உள்ளே வந்து பைக்குள் நுழைந்தேன்.
என் இடத்தில் நீ பாதி உருண்டிருந்தாய்.
சூடாக இருந்தது.
கண் திறக்காமல் ‘என்ன?’ என்றாய்.

‘ஒன்றுமில்லை.’