தொண்ணூற்றாறு மணி

புவெர்த்தோ மோன்ட் கிளை,
வாரண்டிப் பிரிவு மேலாளருக்கு.

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமைப் படகில் வந்தது.
நல்ல தாள். மடித்த இடத்தில்கூட
எழுத்து உடையவில்லை.
நூறு மணி நேரத்தில் செய்யவேண்டிய சர்வீஸ்
செய்யப்படவில்லை,
மீட்டர் காட்டுவது 196,
ஆகவே வாரண்டி செல்லாது.
'ஆகவே'யை இத்தனை அழகாக
யாரும் எனக்கு அச்சடித்து அனுப்பியதில்லை.

நான் உபெர்லிந்தா சிகுவாய்.
கின்ச்சாவோ தீவில் கயிற்றில் சிப்பி வளர்க்கிறேன்.
உங்கள் இன்ஜின் நாற்பது குதிரைத்திறன்,
வாங்கிப் பதினான்கு மாதம்,
கட்டவேண்டிய தவணை இன்னும் ஆறு.

ஏப்ரல் பன்னிரண்டு, காலை ஆறேகால்.
பதினொரு மூட்டை ஏற்றியிருந்தோம்.
எதிரில் தீவு இருக்கிறதென்று
நம்பிக்கையில்தான் ஓட்டவேண்டும், அவ்வளவு பனி.
இன்ஜின் பின்னால் துப்புகிற குளிர்நீர்
நூலாயிற்று,
சொட்டாயிற்று,
பிறகு ரப்பர் தீய்கிற வாடை.
அணைக்கக் கை நீட்டினேன்.
எனக்கு முன்பே அது முடிவெடுத்துவிட்டது.
"அடுத்த பஸ் எத்தனை மணிக்கு, அத்தை?"
என்றான் நொல்பெர்த்தோ.
பத்தொன்பது வயது, பயந்தால் ஜோக் அடிப்பான்.
நீரோட்டம் தெற்கே இழுத்தது.
ஆறு மூட்டையைக் கடலில் தள்ளினோம்.
நான்கு மணி நேரம் துடுப்பு.

உங்கள் ஆள் பிறகு வந்தார்.
வெள்ளை ஷூ, மூன்று புகைப்படம்.
வெயில் கூசுகிறது என்று
என்னையே தார்ப்பாய் பிடிக்கச் சொன்னார்.
மூன்றாவது படத்தின் ஓரத்தில்
தெரியும் கட்டைவிரல் என்னுடையது.

அந்தப் படத்தைத்தான் பெரிதாக்கிப் பார்த்தேன்.
மீட்டரில் எண்கள் 0, 9, 6.
ஜனவரியில் நங்கூரச் சங்கிலி நழுவி
கண்ணாடியில் ஒரு கீறல் விழுந்தது,
நேராக, நெட்டுக்குத்தாக,
அந்தப் பூஜ்ஜியத்தின் மேலேயே.
தார்ப்பாயைத் தாண்டி வந்த வெளிச்சத்தில்
பூஜ்ஜியம் வெளுத்துப் போக
கீறல் மட்டும் நிற்கிறது.
ஐயா, ஒன்றுமில்லாத இடத்தில்
உங்களுக்கு ஒன்று தெரிந்திருக்கிறது.
அதுவும் நூறாம் இடத்தில்.

பெட்ரோல் ரசீதுகள் இத்துடன்,
மொத்தம் 940 லிட்டர்.
இதை வைத்துக்கொண்டு ஒரு இன்ஜின்
196 மணி ஓடுமென்றால்
அதை என்னைப் போன்றவளுக்கு விற்காதீர்கள்,
கண்ணாடிப் பெட்டியில் வையுங்கள்.

மீட்டரைக் கழற்றி அனுப்ப எனக்கு ஒரு நிமிடம் போதும்.
ஆனால் கையேட்டில் ஒன்பதாம் பக்கம்
உரிமையாளர் எதையும் கழற்றினால்
வாரண்டி செல்லாது என்கிறது.
அந்தப் பக்கத்தை நான் படித்திருக்கிறேன்.
நீங்கள் யாரையாவது அனுப்புங்கள்.
கேமரா வேண்டாம்,
நகம் உள்ள ஆளாக இருந்தால் போதும்.
தடவினால் தெரியும்.

இன்ஜின் கொட்டகையில் சாக்கு போர்த்திக் கிடக்கிறது.
மீட்டர் அதே தொண்ணூற்றாறில்.
ஏழு வாரமாக நாங்கள் துடுப்புப் போடும் மணிகளை
எண்ண அதற்கு வழியில்லை.
நொல்பெர்த்தோ எண்ணுகிறான்,
படகின் உள்பலகையில்,
கரித்துண்டால், மணிக்கு ஒரு கோடு.
பலகை கிட்டத்தட்ட நிறைந்துவிட்டது.
கோட்டையெல்லாம் ஒன்று என்று படிக்க
பழகிய கண் உங்களுடையது.
ஒருநாள் வந்து
கூட்டிச் சொல்லிவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
உ. சிகுவாய்

பி.கு. உங்கள் உறையில் இருந்த தபால்தலையில்
முத்திரை விழவில்லை.
அதைத்தான் இதில் ஒட்டியிருக்கிறேன்.