நாற்பது வீதக் கழிவு

மே மாதத்துக் கடைசித் திங்கள்.
டேய்ட்டன் நகரில், நெடுஞ்சாலை ஓரத்து மெத்தைக் கடையில்
காலை எட்டு மணிக்கே பலூன் ஊதுகிறேன்.
சிவப்பு, வெள்ளை, நீலம்.
சிவப்பு போதவில்லை.
"வெள்ளையைக் கூட்டிச் சமாளி" என்கிறார் மனேஜர்.

வாசலில் இரண்டாள் உயரத்துக்கு
காற்றடைத்த கழுகு.
மின்விசிறி நின்றால் முழந்தாளிடும்.
அதன் கழுத்தில் பலகை:
"அவர்கள் உறங்குவது உங்களுக்காக.
நீங்களும் நன்றாக உறங்குங்கள்.
குயின் சைஸ், நாற்பது வீதம் கழிவு."

எழுதியவனுக்குத் தமிழ் தெரிந்திருக்க நியாயமில்லை.
எங்கட பக்கத்திலும்
சண்டையில் போனவர்களைச் செத்தவர் என்று சொன்னதில்லை.
துயில்கிறார்கள் என்போம்.
வரிசை வரிசையாய்த் துயின்றார்கள்,
இடமிருந்து ஏழாவது என் அண்ணா.
பிறகு ஒருநாள்
புல்டோசர் வந்து எழுப்பியது.

இதையெல்லாம் இங்கே ஒருவரிடமும் கதைத்ததில்லை.
சுருள் கம்பி எத்தனை, நுரை எத்தனை அங்குலம்,
வட்டியில்லாமல் எத்தனை மாதம்,
அவ்வளவுதான் கதை.

வெண்டலும் நானும் ஒரே ஷிஃப்ட்.
ஈராக்கில் இரண்டு தரம் இருந்தவர்.
கொடி அச்சடித்த கழுத்துப்பட்டி
இன்றைக்குக் கட்டாயம்;
பதினொரு டொலர், சம்பளத்தில் பிடிப்பார்கள்.
முதுகைப் பார்த்தே மெத்தை சொல்லுவார்.
வீட்டில் தரையில்தான் படுப்பாராம்.

மத்தியானம் கார் விட இடமில்லை.
மூன்று மணிக்கு ஒலிபெருக்கி கத்தியது:
இன்னும் ஒரு மணி நேரத்துக்கு
மேலதிகமாய்ப் பத்து வீதம்!
தள்ளுவண்டிகள் முட்டிக்கொண்டன.
கிங் சைஸ் ஒன்றில் சப்பாத்தோடு துள்ளின
இரண்டு பிள்ளைகள்.

வெண்டல் நின்றுவிட்டார்.
அளவு நாடா கையில் பாதி இழுத்தபடி.
மூன்று மணிக்கு ஒரு நிமிடம்
பேசாதிருக்கக் கேட்டு இந்த நாட்டில் சட்டமே உண்டாம்.
அன்று காலை, கோப்பி ஊற்றும்போது
அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.
உதடு மட்டும் அசைந்தது.
எண்ணினாரோ, பெயர்களோ.

"பத்து வீதம் தலையணைக்கும் உண்டா?"
பிள்ளைகளின் தாய் கேட்டாள்.
மறுபடியும் கேட்டாள்.
பிறகு என்னைப் பார்த்தாள்.

என் கையில் யாருடையதோ கடனட்டை.
எடு எடு என்று மெஷின் கீச்சிட்டது.
நான் எடுக்கவில்லை.
இடமிருந்து ஒன்று, இரண்டு, மூன்று
என்று போய்க்கொண்டிருந்தேன்.

மனேஜர் ஓடி வந்தார்.
"என்ன, சிஸ்டம் விழுந்துட்டுதா?"
"ஓம்" என்றேன், "ஒரு நிமிசம்."

நாடா சர்ரென்று உள்ளே போனது.
"தலையணைக்கும் உண்டு, மேடம்" என்றார் வெண்டல்.
அவள் நாலு வாங்கினாள்.

இரவு ஒன்பதுக்கு மின்விசிறியை நிறுத்தினோம்.
கழுகு முதலில் அலகைத் தொங்கப்போட்டது,
பிறகு ஒரு செட்டை,
பிறகு தார் ரோட்டில் முழுசாய் விழுந்தது.
மடிக்கப் பார்த்தால்
வயிற்றுக்குள் இன்னும் காற்று.
வெண்டல் பட்டியைக் கழற்றிப் பைக்குள் வைத்தார்.
கழுகின்மேல் படுத்து
உடம்பால் அமத்தினார்.

காற்றெல்லாம் போய்
கனநேரமாகியும் கிடந்தார்.
எழும்புங்கோ என்று நான் சொல்லவில்லை.

சேலை வியாழன் மட்டும் நீட்டியிருக்கிறார்கள்.