காலி எடை

புளியரை எடைமேடையில் பதினோரு வருஷம்
உட்கார்ந்திருந்தேன்.
சக்கரம் வைத்த நாற்காலி.
உருண்டே பிரிண்டருக்குப் போவேன்,
உருண்டே ஜன்னலுக்கு வருவேன்.
எம் சாண்ட், ஜல்லி, வைக்கோல், கோழித்தீவனம்
எல்லாம் என்னைத் தாண்டித்தான் மலையேறின
கேரளத்துக்கு.
நான் ஏறியதெல்லாம் ஸ்கூட்டியில்,
அதுவும் வாசல்படியிலிருந்தே.

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு
தென்காசி டாக்டர் கேட்டார்:
"கடைசியா எப்ப நடந்தீங்க?"
யோசித்தேன்.
தங்கச்சி கல்யாணத்தில் பந்தி விசாரித்தது.
அவளுடைய ரெண்டாவது பையன்
இப்போது அஞ்சாம் வகுப்பு.

முதல் நாள்
மூணாவது மின்கம்பத்தில் மூச்சு முட்டியது.
செருப்பு வாரைச் சரிசெய்வதுபோலக்
குனிந்து நின்றேன், வெகுநேரம்.
பால் கேனோடு போன இசக்கிராஜ்
டிவிஎஸ்ஸை மெதுவாக்கினான்.
"என்ன கனியக்கா, வண்டி ரிப்பேரா?"
"ஆமாப்பா" என்றேன்.
பொய்யில்லை.

ரெண்டாம் நாள் கெண்டைக்கால்
வேறு யாருடையதோ ஆகிவிட்டது.
எழுந்திருக்கச் சுவரைப் பிடித்தேன்.
மூணாம் நாள் போகவில்லை.
நாலாம் நாள் சாரல்;
மலையைப் பார்த்துக் கும்பிட்டேன்,
குடையை எடுக்கவில்லை.
அஞ்சாம் நாள்
வெயில் அடித்துத் தொலைத்தது.

வண்டி வராத ஒரு மத்தியானம்
அக்கம்பக்கம் பார்த்துவிட்டு
மேடையில் ஏறி நின்றேன், நட்டநடுவில்.
அறுபது டன் தாங்கும் இரும்பு
அசையக்கூட இல்லை.
வெளிப்பலகையில் சிவப்பாக எரிந்தது:
80.
அதற்கு இருபது இருபதாகத்தான் எண்ணத் தெரியும்.
எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் நடுவே
எங்கேயோ இருந்தேன் நான்,
ரசீது அடிக்க முடியாத இடத்தில்.

நாற்பது நாள் கழித்து ஏறினேன்.
80.
மூணாவது கம்பம் பதினேழாவது கம்பமாகியிருந்தது.
பாவாடை நாடா
ஒரு விரற்கடை கூடுதலாக இழுபட்டது.
மேடைக்கு அதெல்லாம் எட்டவில்லை.
தூசி என்று கழித்துவிடுகிற கணக்கு அதனுடையது;
பதினோரு வருஷமாக
நானும் அப்படித்தான் கழித்திருக்கிறேன்,
டிரைவர்கள் கத்தக் கத்த.

இன்றைக்குக் காலையில்
எஸ் வளைவின் அடியில்
பின்னாலிருந்து முக்கிக்கொண்டு வந்தது
ரெஜிமோன் லாரி.
நாற்பத்திரண்டு டன் முன்னூற்றெண்பது கிலோ,
நேற்றிரவு நான்தான் அடித்தேன்.
கிளீனர் ஷிபின் தலையை நீட்டினான்:
"சேச்சி, கேறிக்கோ!"
"வேண்டாம், நீ போ."
போகத்தான் பார்த்தான் ரெஜிமோன்.
முதல் கியரில் ஏற்றம்,
அவன் வேகமும் என் வேகமும் ஒன்று.

ஆகவே சேர்ந்தே ஏறினோம்,
அவன் சக்கரம், என் செருப்பு,
நடுவில் வெள்ளைக்கோடு.
ஷிபின் கதவில் முழங்கையை ஊன்றிப்
பாதித் தமிழில் பேசிக்கொண்டே வந்தான்:
அவன் அம்மைக்கும் ஷுகராம்,
ரப்பர் மரங்களுக்குள்ளே நடக்கச் சொன்னால்
பாம்பு இருக்கும் என்கிறாளாம்.
"இருக்கா?" என்றேன்.
ரெண்டு வார்த்தைக்கு மேல் மூச்சில்லை.
"உண்டு" என்றான், சிரித்தான்.
இன்ஜின் சூடு என் இடது கன்னத்தில்.
சுமையோடு ஏறுகிற ஒன்றை
இவ்வளவு பக்கத்தில் கேட்டதில்லை நான்;
ஜன்னலுக்கு வரும்போது எல்லா வண்டியும்
ஆஃப் ஆகித்தான் நிற்கும்.

ரெண்டாவது வளைவு தாண்டியதும்
ரோடு கொஞ்சம் மட்டமாகிறது.
கியர் மாறியது.
கரும்புகை, ஒரு ஹாரன்,
ஷிபினின் கை.
பிறகு தண்ணீர் சொட்டும் பாறைச் சத்தம் மட்டும்.

கோட்டைவாசல் கருப்பசாமிக்கு
இன்னும் ரெண்டு கிலோமீட்டர் இருக்கும்.
எல்லைப் பலகையை நடந்து பார்த்ததில்லை,
எழுதியிருப்பதைப் படிக்கவும் தெரியாது.
எட்டரைக்கு ஷட்டர் திறக்கணும்.
திரும்பினேன்.

இறக்கத்தில்தான் முட்டி அதிகம் வலிக்கும் என்று
அந்த டாக்டர்
சொல்லவேயில்லை.